பேசாத பெண்ணுக்கு இங்கிலீஷ் பரிசு

உங்கள் பெரியக்கா சின்ன வயதில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவள் என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடுகளில் உங்கள் மாமா இதை எடுத்துவிடுவார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேச்சு பொய்யில்லை. ஆனால் அந்தப் பரிசை வாங்கிய நாளில் அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. தமிழும் பேச வராது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் அதுவரை எந்தப் பாஷையிலும் வாயைத் திறந்ததில்லை. அது எப்படி நடந்தது என்று உங்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் ஆம்பூரில் பிறந்தவர்கள். அவள் பர்மாவில் பிறந்தவள். குடியாத்தத்துப் பக்கம் இருந்து என்னைச் சின்ன வயதிலேயே சித்தப்பா கப்பலேற்றி அழைத்துப்போனார். உங்கள் அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆனால் தமிழைக் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் பர்மா பாஷைக்குப் போய்விடுவாள். நான் அரிசி மில் வேலையாக ஆற்றிலும் கரையிலும் அலைந்துகொண்டிருந்ததால் குழந்தை அம்மா பாஷையைத்தான் பிடித்துக்கொண்டாள். அங்கே மூன்றாம் வகுப்பு பாஸ் செய்தவள். வாய்ப்பாட்டைப் பர்மா பாஷையில் பாட்டுப் போலச் சொல்வாள். பிறகு எங்களை மாதிரி ஆட்களுக்கு அங்கே இடமில்லை என்று ஆயிற்று. அங்கே எங்களை வெளிநாட்டான் என்றார்கள். கப்பலேறி சொந்த ஊருக்கு வந்தோம். இங்கே எங்களைப் பர்மாக்காரன் என்றார்கள்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் எனக்கு வேலை கிடைத்தது. பதனிட்டுக் காய்ந்த தோலின் ஓரங்களைச் சீராக வெட்டும் வேலை. சாயபுமார்கள் நிறைய இருந்த ஒரு சந்தில் குடியேறினோம். கிணறு ஒன்று, வாசல்கள் ஏழெட்டு. அடுத்த வேலை பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பது.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். கோட்டு போட்டுக்கொண்டு வருவார். ஆம்பூர் வெயிலில் கோட்டு போடுவதற்கு ஒரு வைராக்கியம் வேண்டும்.

"வீட்ல இன்னா பாஷைப்பா?" என்று கேட்டார்.

"நான் தமிழுங்க. சம்சாரம் பாதி தமிழுங்க. பொண்ணு பர்மா பாஷைங்க."

"பர்மாவா? அதுக்கு நம்ம ரிஜிஸ்டர்ல எடமில்லப்பா. தமிழ்னு போட்டுக்கறேன்."

அவள் உயரத்தைப் பார்த்து மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். வருஷ முடிவில் வாய்ப் பரீட்சை இருக்கும். அதில் தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சந்திலேயே பார்த்திருந்தேன். உயரமான பெண்ணைச் சின்னப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் முதலில் அவளுக்கு வெட்கம் வரும், பிறகு அம்மாவுக்கு வெட்கம் வரும், பிறகு பீடி சுற்றும் தட்டு மடிக்கு வரும். அத்தோடு படிப்பு முடிந்தது. அந்த வருஷம் முழுவதும் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள், உருதுப் பிள்ளைகள், எல்லைப் பக்கமிருந்து டேனரி வேலைக்கு வந்தவர்களின் தெலுங்குப் பிள்ளைகள், எல்லாரும் இருந்தார்கள். உருதுக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஒரு முன்ஷி, அதாவது உருது வாத்தியார், அதைப் பார்த்துக்கொண்டார். தனிப் பிரிவில் இடம் கிடைக்காத உருதுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தார்கள். தெலுங்குப் பிள்ளைகள் எங்கே இடமிருந்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். ஒருவன் பேசினால் இன்னொருவனுக்குப் புரியாது. புரியாததால் கெட்ட வார்த்தை என்று நினைத்து அடித்துக்கொள்வார்கள்.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஒரு தோல் வியாபாரி. அவருடைய தோல் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது, பிள்ளைகளும் அந்தக் கப்பலுக்குத் தகுந்த மாதிரி இங்கிலீஷ் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. ஹெட்மாஸ்டருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் தெரிந்தது. எல்லாரும் இங்கிலீஷ் பேசிவிட்டால் சண்டையும் தீரும், கரஸ்பாண்டென்ட்டும் குளிர்வார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பியூன் டேனரிக்கு வந்தான். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு தோல் வேண்டுமாம், கயிறு கோக்க ஒரு துளையோடு. எங்கள் மேஸ்திரி பாய் என்னைக் கூப்பிட்டார்.

"பர்மா, நல்லா கெட்டியான ஓரமா பாத்து ஒண்ணு வெட்டிக் குடு. படிப்புக்கு வோணுமாம்."

படிப்புக்கு என்றதும் நான் ரொம்ப அக்கறையாக வெட்டினேன். விளிம்பைத் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். பிள்ளைகள் கை கீறிக்கொள்ளக் கூடாதே என்று.

மறுநாள் காலைப் பிரேயரில் ஹெட்மாஸ்டர் அதைத் தூக்கிக் காட்டினார். இங்கிலீஷ் பீரியடில் யார் தாய்மொழியில் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்தில் இது விழும். அவர்கள் அடுத்துப் பேசுகிறவனைப் பிடித்துக் கொடுத்தால் இது அவன் கழுத்துக்குப் போகும். பீரியட் முடிகிறபோது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்கள் அதை மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். இனி இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கூடாது என்பதைத் தமிழில் விளக்கினார். உருதுப் பிள்ளைகளுக்காக முன்ஷி அதை உருதுவில் சொன்னார். தெலுங்குப் பிள்ளைகளுக்குப் பியூன் தெலுங்கில் சொன்னான். இங்கிலீஷில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் புரியாது.

தோல் வில்லை என்று அதற்குப் பேர் வந்துவிட்டது. அதன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. எந்தப் பாஷையில் எழுதுவது என்று ஹெட்மாஸ்டருக்கே முடிவாகவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தண்டனையும் நினைத்த மாதிரி வேலை செய்யவில்லை. ஆம்பூரில் கழுத்தில் தோலை மாட்டிக்கொண்டு தெருவில் போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒரு தெலுங்குக்காரப் பையனின் அம்மா, பள்ளிக்கூடத்தில் திருஷ்டிக்குக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் முழுக்க வில்லை மஞ்சளாகவே சுற்றியது.

பிள்ளைகள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்களா என்றால், வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். வில்லையைத் தள்ளிவிட வேண்டுமென்றால் இன்னொருவனைப் பேச வைக்க வேண்டும். பேச வைக்க வேண்டுமென்றால் அவனுக்குக் கோபம் வருகிற மாதிரி அவன் பாஷையிலேயே காதுக்குள் ஏதாவது சொல்ல வேண்டும். அதனால் தமிழ்ப் பையன்கள் தெலுங்கில் சீண்டக் கற்றார்கள். தெலுங்குப் பையன்கள் உருதுவில் திட்டக் கற்றார்கள். இங்கிலீஷ் பீரியடில் மூன்று பாஷையும் மும்முரமாக நடந்தது, எல்லாம் குசுகுசுப்பில். சத்தமாகக் கேட்டது 'யெஸ் சார்' ஒன்றுதான்.

மேஸ்திரி பாய் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "இங்கிலீஷ் வந்துச்சோ இல்லியோ, ஊருக்குள்ள சமாதானம் வந்துடும்போல இருக்கே. ஒருத்தனை ஒருத்தன் ஒழுங்கா திட்டக் கத்துக்கிட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண் மேல் வில்லை விழவே இல்லை. தமிழில் சீண்டினாலும் தெலுங்கில் சீண்டினாலும் கை கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். பர்மா பாஷையில் சீண்ட அங்கே ஆளில்லை. 'ஊமைக் கோட்டான்' என்று ஒருவன் சொன்னானாம். அதுவும் அவளுக்குப் புரியவில்லை, நல்லவேளை.

நான் வீட்டில் பாடம் நடத்திப் பார்த்தேன். வேலை விட்டு வந்து கை கழுவினாலும் தோல் வாடை போகாது. அந்தக் கையோடு சிலேட்டைப் பிடித்து அ, ஆ என்று ஆரம்பிப்பேன். இரண்டு எழுத்துக்குள் அவள் கொட்டாவி விடுவாள். நான் தமிழில் கேட்டால் பர்மா பாஷையில் பதில் சொல்வாள்.

உங்கள் அம்மா, "ஏங்க, விடுங்க. கொயந்த பேசறா. ஒங்களாண்டதான் பேசறதில்ல" என்றாள்.

எனக்குச் சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி ஆண்டு விழா வந்தது. வில்லையை ஒருதரம்கூட மாட்டாத பிள்ளைக்குக் கரஸ்பாண்டென்ட் கையால் பரிசு என்று ஹெட்மாஸ்டர் முன்பே அறிவித்திருந்தார். அப்படி ஒரு பிள்ளை இருக்காது, இருந்தால் பேனா வாங்க வேண்டி வருமே என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். கணக்குப் பார்த்தபோது ஒரே ஒரு பிள்ளைதான் தேறியது.

நானும் உங்கள் அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் கரஸ்பாண்டென்ட் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லா பசங்களும் தாய்மொழியில பேசி மாட்டிக்கிட்டாங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் ஒருநாள்கூட மாட்டல. சுத்தமான இங்கிலீஷ். நேத்து பர்மாவுலேர்ந்து வந்த பொண்ணு. ஊர்க்கார பசங்க நாம வெக்கப்படணும்."

கூட்டம் கை தட்டியது. மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏதாவது பேசும்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். சிரித்தாள்.

"பாத்தீங்களா, இன்னா ஒரு அடக்கம்" என்றார் கரஸ்பாண்டென்ட். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். ஒரு மைப்பேனா கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "உங்க பொண்ணா? எந்த டியூசன்ல உட்றீங்க?" என்று கேட்டார். டியூசன் இல்லை என்றேன். அது அவருக்கு இன்னும் ஆச்சரியமாகப் போய்விட்டது.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன்.

"சார், அவ இங்கிலீஷ் பேசல சார். எதுவுமே பேசல. பேனாவைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எனக்குத் தெரியாதாப்பா? ரூல் இன்னா சொல்லுது? வில்லை விழாதவங்களுக்குப் பரிசு. விழல. குடுத்தாச்சு. கரஸ்பாண்டென்ட் கையால குடுத்ததைத் திருப்பினா அவருக்கு அசிங்கம், எனக்கு பேஜாரு."

"அப்ப வாய்ப் பரீட்சைங்க சார்?"

"அதுல மாத்தம் இல்ல. வாய் தொறக்கலைன்னா ஒண்ணாங்கிளாஸ்."

"இங்கிலீஷ்ல பரிசு வாங்கின பொண்ணை ஒண்ணாங்கிளாஸ்ல போடுவீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரிசு வேற, பாஸ் வேறப்பா" என்றார். படித்தவர் சொல்கிறார், இருக்கும் என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கு அரைநாள் லீவு மிச்சமிருந்ததால் மத்தியானமே வீட்டுக்குப் போனேன். வெளிச்சத்தில் எங்கள் சந்து எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததே அபூர்வம். விடியுமுன் போய் இருட்டின பிறகு வருகிறவன். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கிணற்றடியில் நாலைந்து பெண் பிள்ளைகள் கல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அத்தனையும் உருது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். யார் வீட்டுப் பெண் இவ்வளவு வாயாடி என்று எட்டிப் பார்த்தேன். என் பெண்.

உங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னா நம்பினீங்களா?" என்றாள்.

தமிழ்நாட்டுக்குத் தமிழ் பேச வந்த குடும்பம் நாங்கள். உங்கள் அம்மா அடுத்த வீட்டு அம்மாவோடு கிணற்றில் நீர் இறைத்து இறைத்து அரைகுறை உருது பேசினாள். பெண் அந்த வீட்டுப் பெண்ணோடு ஆடி ஆடி முழு உருது பேசினாள். நான் ஒருத்தன்தான் வீட்டில் சிலேட்டும் கையுமாக அ, ஆ என்று இருந்திருக்கிறேன்.

ஆனால் பரீட்சை தமிழில்தானே. உருது வந்து என்ன பிரயோஜனம் என்று என் கவலை அப்படியே இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பியூன் மறுபடி டேனரிக்கு வந்தான். ஹெட்மாஸ்டர் உடனே வரச் சொன்னாராம். மேஸ்திரி பாய் என்னைப் பார்த்து, "போ பர்மா. இந்த தபா இன்னா வெட்டணுமோ" என்றார்.

நடந்தது இது. இங்கிலீஷ் பீரியட். வில்லை ஒரு தெலுங்குப் பையன் கழுத்தில் இருந்தது. எங்கள் அடுத்த வீட்டுப் பெண் வாயே திறக்காதபோது, அவள் உருதுவில் பேசினாள் என்று அவன் கை காட்டினான். ஹெட்மாஸ்டர் விசாரிக்காமல் வில்லையை அவள் கழுத்தில் மாட்டப் போனார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தது. அப்போது ஜன்னலோரத்தில் இருந்த என் பெண் எழுந்து நின்று, "இனே ஜூட் போல்ரா சார்" என்றாளாம். இவன் பொய் சொல்கிறான் சார் என்று அர்த்தம். அதோடு நிற்கவில்லை. அவன் எப்போது என்ன செய்தான், நேற்று யாரை இப்படி மாட்டிவிட்டான், எல்லாவற்றையும் உருதுவில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

வகுப்பு அரண்டு போயிற்று. ஹெட்மாஸ்டருக்கு உருது தெரியாது. "இன்னா சொல்றா?" என்று தமிழில் கேட்டார். ஒரு பையன் ஆர்வத்தில் தமிழில் மொழிபெயர்த்தான். அவனை இன்னொருவன் பிடித்துக் கொடுத்தான். பிடித்துக் கொடுத்ததைத் தமிழில் சொன்னதற்காக அவனையும் ஒருவன் பிடித்தான். 'சார்கூட தமிழ்ல கேட்டாரு' என்று எவனோ பின்னாலிருந்து முனகியபோது ஹெட்மாஸ்டர் வில்லையைத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

நான் போனபோது அறையில் ஹெட்மாஸ்டரும் உருது முன்ஷியும் இருந்தார்கள். என் பெண் சுவரோரமாக நின்றிருந்தாள், மறுபடியும் ஊமையாக.

"உன் பொண்ணு பேசிட்டாப்பா" என்றார் ஹெட்மாஸ்டர், திருட்டு கண்டுபிடித்த மாதிரி.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "அப்ப வில்லையைப் போட்டுடுங்க சார்" என்றேன்.

"இன்னாது?"

"பேசினா வில்லைதானே சார் ரூல். மாட்டி வீட்டுக்கு அனுப்புங்க சார். பேசினான்னு ஊருக்குத் தெரியட்டும்."

"எப்டிப்பா மாட்டறது? ரூல் தாய்மொழிக்கு. அவ தாய்மொழி ரிஜிஸ்டர்ல தமிழ்னு இருக்கு. உருது உனக்குத் தாய்மொழியா?"

"இல்லீங்க."

"உன் சம்சாரத்துக்கு?"

"இல்லீங்க."

"பின்ன? போதாக்குறைக்குப் பரிசு வாங்கின பொண்ணு. கரஸ்பாண்டென்ட் தெருவுல பாத்தா இன்னா நெனப்பாரு?"

தன் பெண்ணைத் தண்டிக்கச் சொல்லித் தகப்பன் கெஞ்சுவதையும், முடியாது என்று ஹெட்மாஸ்டர் மறுப்பதையும் முன்ஷி கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, அந்தப் பொண்ணு கேட்டது நியாயம். ரொம்ப சுத்தமா கேட்டுச்சு. என் செக்ஷன்ல மூணாங்கிளாஸ் பசங்க இத்தனை கோர்வையா பேச மாட்டானுங்க. என்கிட்ட குடுத்துடுங்க. வாய்ப் பரீட்சைய நான் உருதுல எடுத்துக்கறேன்" என்றார்.

"இவங்க உங்காளுங்க இல்லியே பாய்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பாஷைக்கு ஆளு ஏதுங்க? பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. பர்மா எழுத்து எழுதின கை, உருது எழுத்து வராமலா போயிடும்?"

ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரம் மேலே பார்த்தார். ரூலில் இதற்குத் தடை எதுவும் தென்படவில்லை போலிருக்கிறது. "உனக்குச் சம்மதமா?" என்று என்னைக் கேட்டார். ஒன்றாம் வகுப்பா, உருதுவா என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? நான் பெண்ணைப் பார்த்தேன். முன்ஷி அவளிடம் உருதுவில் ஏதோ கேட்டார். அவள் உடனே பதில் சொன்னாள். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று புரியாதவர்கள் ஹெட்மாஸ்டரும் நானும்தான்.

அதற்கப்புறம் ஊர் வாயை மூட முடியவில்லை. குடியாத்தத்திலிருந்து என் பெரியப்பா மகன் பஸ் பிடித்து வந்து, "இன்னாடா, மாறிட்டீங்களா?" என்று கேட்டான். வீட்டுக்குள் எட்டி சாமி படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தான். கரஸ்பாண்டென்ட் கேள்விப்பட்டு, இங்கிலீஷ் நன்றாக வருகிற பெண்ணை ஏன் உருதுவில் போட்டீர்கள் என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டாராம். எல்லா மொழியும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் என்று அவர் சொன்னாராம். பாவம், அவரும் எத்தனைதான் சமாளிப்பார்.

அவள் வாய்ப் பரீட்சையில் தேறினாள். முன்ஷி கேட்டதற்கு ஒன்று விடாமல் பதில் சொல்லி, கேட்காததற்கும் சொன்னாளாம். நான்காம் வகுப்புக்குத் தன் வயதுப் பிள்ளைகளோடு போனாள். பீடித் தட்டு எங்கள் வாசல்படி ஏறவில்லை.

உருதுப் பிரிவில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழை எப்படிச் சொல்லித் தருவது என்பது அந்த முன்ஷிக்குத் தெரிந்திருந்தது. வருஷா வருஷம் அவருக்கு அதுதான் வேலை. ஒவ்வொரு வார்த்தையையும் உருதுவில் சொல்லி, பிறகு தமிழில் சொல்லி, பிறகு பிள்ளைகளைச் சொல்ல வைப்பார். தமிழ் வகுப்பில் அப்படி யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆக, தமிழ்ப் பெண்ணான என் மகள் தமிழ் படித்தது உருது வழியாக. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் இங்கிலீஷும் படித்தாள். எந்த ரூலும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

ஒருநாள் ராத்திரி நான் வழக்கம்போலக் கை கழுவிவிட்டு சிலேட்டை எடுத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, முதன்முதலாக என்னிடம் தமிழில் முழுசாக ஒரு பேச்சுப் பேசினாள்.

"அப்பா, நீ சொல்லிக் குடுத்தா தூக்கம் வருது. முன்ஷி சாரு நல்லா சொல்லித் தராரு. நீ போய் சாப்புடு."

உங்கள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு கம்மி. நான் அதைச் சொல்லவே இல்லை.